தனுஷ்கோடியின் 22 மைல்

மத்ரஸாவில் ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹுப் பாடம் நடத்துகையில், ‘முஸாபிரின் தொழுகை’ என்னும் அத்தியாயத்தைத் தொட்டவுடன் மாணவர் எவரேனும் ஒருவர் விமானத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. “ஹஜ்ரத், சென்னையில் ஏறிக் கொழும்பில் இறங்க ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லையாம். நம்மூரிலிருந்து பஸ்ஸில் மதுரைக்குப் போவதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. அவ்வளவு சுகமாகப் போகிறவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாமா?” இக்கேள்வியைக் கேட்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் மாறுகின்றனர், கேள்வி மட்டும் மாறுவதில்லை.

விடை, அவர்கள் கையில் விரித்து வைத்திருக்கும் நூலிலேயே இருக்கின்றது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், கஸ்ருக்குரிய பயணத்தின் அளவு 48 ஹாஷிமி மைல் என்று வரையறுத்துவிட்டு, கடலுக்கும் தரைக்கும் அளவு ஒன்றே என்றும், கடலில் அத்தனை மைலையும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் அவர் சுருக்கித் தொழலாம் என்றும் சொல்லிச் செல்கின்றார்கள். பாய்மரமன்றி வேறு ஊர்தி அறியாத காலத்தில் எழுதிய எழுத்து அது. ஆறு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின்னர் வரப்போகும் விமானத்திற்கும் அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கின்றது. தூரம் வேறு, அதைக் கடக்கும் நேரம் வேறு என்பதை நம் இமாம்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஹனபீ மத்ஹபினர் மூன்று நாள் நடையை அளவுகோலாகக் கொண்டது தனி ஆராய்ச்சி. அதை இங்கே விரிக்கவில்லை.

ஆனால் இதே கணக்கின் மறுபக்கத்தை எந்த மாணவரும் கேட்பதில்லை. தனுஷ்கோடித் துறையிலிருந்து இலங்கையின் தலைமன்னார்த் துறைக்குக் கடல் தூரம் 22 மைல். நாற்பத்தெட்டில் பாதியைக்கூட அது எட்டாது. ஆகவே தனுஷ்கோடியில் குடியிருந்த ஒருவர் தலைமன்னாருக்கு மட்டும் போய் வருவாரானால், கஸ்ரு விஷயத்தில் அவர் முஸாபிரே அல்லர். வீட்டில் தொழுவதைப் போன்றே நான்கு ரக்அத்தும் தொழவேண்டியவர். ஷரீஅத்தின் அளவுகோலில் அண்டை வீடாக இருந்த ஒரு கரை, நம் கண்முன்னே எவ்வாறு அயல்நாடாகியது என்பதையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

அரபுகள் நம் கீழைக் கடற்கரைக்கு இட்ட பெயர் ‘மஅபர்’. ‘அபர’ என்றால் கடந்தான். மஅபர் என்றால் கடக்கும் இடம், துறை. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குக் கடப்பது என்று அவர்கள் விளக்கவில்லை. விளக்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்திருக்காது. ‘ஸரந்தீப்’ எதிரிலே கிடந்தது. ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடம் அத்தீவின் மலையே என்னும் செய்தி பரவியிருந்தமையால் அரபுலகின் ஸியாரத் பயணிகள் அங்கே சென்றவண்ணம் இருந்தனர். இரு கரைகளுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டுகளை ஒரு சாரார் இராமர் அணை என்றும் சேது என்றும் போற்ற, ஐரோப்பியர் தம் வரைபடங்களில் ஆதம் பாலம் என்று பொறித்தனர். இராமேஸ்வரத்திலே ஹாபீல், காபீல் இருவரின் அடக்கவிடம் என்று ஒரு தர்காவும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஸனது தேடினால் கிடைக்காது. ஆனால் இந்தக் கடலிடுக்கை மனிதர்கள் ஒரு வீட்டின் இரு திண்ணைகளுக்கு நடுவிலுள்ள நடையாகவே பார்த்து வந்தனர் என்பதற்கு இவையும் சான்றாகும்.

ஹிஜ்ரி 745-இல், அதாவது கி.பி. 1344-இல், இப்னு பதூதா இவ்வழியே வந்தார். மாலத்தீவிலிருந்து மஅபர் கரைக்கு மூன்று நாள் பயணம் என்று புறப்பட்டவரைக் காற்று திசை திருப்பி, ஒன்பது நாள் அலைக்கழித்து, இலங்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாரசீக மொழி தெரிந்த அம்மன்னனிடம் அவர் கேட்டது ஒன்றே. ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவட்டைக் காண வழித்துணை வேண்டும் என்பது. மலை ஏறி இறங்கிய பின்னர், அத்தீவிலிருந்து மஅபருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் கொண்ட தூரம் என்று கணக்குச் சொல்லிக் கப்பல் ஏறினார். கணக்கு சரிதான், காற்று ஒத்துழைக்கவில்லை. தேர்ந்த மாலுமி இல்லாத அந்தக் கப்பல் நம் கரைக்கு அருகே ஆழமற்ற நீரில் தரை தட்டிற்று. பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினர். மரங்களைக் கட்டித் தெப்பமாக்கினர். உடன் வந்தவர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு அவர் கப்பலின் பின்புறத்தில் அமர்ந்தே அவ்விரவைக் கழித்தார். விடிந்தபின் இந்தக் கரையைச் சேர்ந்த, இஸ்லாத்தைச் சேராத மக்களே படகில் வந்து அவரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தனர். அன்று மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானி, அவருக்கு மனைவி வழியில் சகலையாவார். இப்பகுதியில் ‘பத்தன்’ என்று அவர் வருணித்துள்ள துறைமுகம் நம் பெரியபட்டினமே என்று கருதுவோர் பலர் உளர்.

‘ஒரு பகலும் ஓர் இரவும்’ என்ற அந்த அளவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

பாய்மரக் காலத்தில் தூரத்தை மைலால் அளந்தவர் எவருமில்லை. காற்றால் அளந்தனர். கச்சான் வீசினால் ஒரு கணக்கு, வாடை வீசினால் வேறொரு கணக்கு. தனுஷ்கோடி மணல்முனைக்கு வடக்கே கிடக்கும் அமைதியான நீரைப் பெண்கடல் என்றும், தெற்கே சீறும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இன்றளவும் நம் பகுதி மக்கள் சொல்கின்றனர். ஆண்கடலின் கோபம் தணியும்வரை தோணிகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். அப்படியிருந்தும் போக்குவரத்து ஓயவில்லை. கீழக்கரையின் அரூஸிய்யா மத்ரஸாவை நிறுவிய மகான், 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் இலங்கைக்குப் பலமுறை சென்று பள்ளிவாசல்கள் எழக் காரணமாயிருந்தார்கள். அன்னாரின் அறபுத்தமிழ் பிக்ஹு நூலான ‘பத்ஹுத் தய்யான்’ இக்கரையிலும் அக்கரையிலும் ஒன்றுபோல் ஓதப்பட்டது. நூல் ஒன்று, மத்ஹபு ஒன்று, மொழி ஒன்று, கொள்வினை கொடுப்பினையும் ஒன்று. நடுவில் இருந்தது தண்ணீர் மட்டுமே.

புகைவண்டி வந்தபோது தூரம் முதன்முறையாக அச்சிட்ட அட்டவணைக்குள் அடங்கியது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 443 மைல். அதற்கு ஏறத்தாழ 22 மணி நேரம். தூத்துக்குடியில் நீராவிக் கப்பல் ஏறினால் ஓர் இரவு முழுவதும் கடலில் கழியும். வாந்தியும் மயக்கமுமாக இரவைக் கழித்தவர்களுக்கு மறுநாள் கொழும்புத் துறைமுகம் தெரியும். வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுற்றுவழி என்று உடனே விளங்கும். இராமேஸ்வரத் தீவின் கிழக்கு முனையோ விரல் நீட்டினாற்போல் இலங்கையைத் தொடப் பார்க்கின்றது. அந்த விரல் நுனிவரை இருப்புப்பாதை போட்டு, கடலின்மேல் பாலமும் கட்டிக் கொழும்புவரை ஒரே வண்டியை ஓட்டிவிடலாம் என்றுகூட ஆங்கிலேயர் திட்டமிட்டனர். செலவு மிகுதி என்று கடற்பாலம் கைவிடப்பட்டது. எஞ்சியது பாம்பன் பாலம்.

1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளம், 145 தூண்கள், நடுவே கப்பல் வந்தால் இருபுறமும் கைகளைப் போல் உயரும் தூக்குப் பகுதி. அதே ஆண்டில் அக்கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார்வரை இலங்கை அரசு இருப்புப்பாதையை முடித்தது. தென்னிந்திய ரயில்வேயின் கப்பல்கள் இரண்டு முனைகளையும் இணைத்தன. அன்று பிறந்ததே ‘போட் மெயில்’. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்புக் கோட்டை ரயில் நிலையம்வரை செல்லும். எழும்பூரில் மாலையில் ஏறினால் தனுஷ்கோடிவரை ஏறத்தாழ 675 கிலோமீட்டர், 19 மணி நேரம். மறுநாள் பிற்பகல் கப்பல். அந்தி சாயும்போது தலைமன்னார். அங்கே காத்து நிற்கும் வண்டியில் படுத்துறங்கினால், மூன்றாம் நாள் காலை கொழும்பு. சாலைத் தூரமும் கடல் தூரமும் சேர்த்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், இரண்டு இரவும் ஒரு பகலுமாகச் சுருங்கிவிட்டது. பிற்காலத்தில் ஓடிய ‘இர்வின்’, ‘கோஷன்’ என்னும் இரு கப்பல்களின் பெயரை எம் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப்போல் உச்சரிக்கக் கேட்டிருக்கின்றோம். முன்னது வைசிராயின் பெயர், பின்னது சென்னை கவர்னரின் பெயர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

தனுஷ்கோடி அந்நாளில் ஒரு மணல் திட்டன்று, ஊர். ரயில் நிலையம், துறைமுக அலுவலகம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், யாத்திரிகர் சத்திரங்கள் அனைத்தும் இருந்தன. சேதுவில் நீராட வரும் இந்துப் பெருமக்களைப் படகில் ஏற்றி இராமேஸ்வரத்திலிருந்து இங்கே கொண்டுவந்து விட்டவர்களுள் மரைக்காயர் ஒருவர் இருந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன். அந்தப் படகையும் ஒரு புயல் கொண்டு போயிற்று என்று கலாம் அவர்கள் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இராமேஸ்வரத்தில் வண்டி நிற்காது போகவே, ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்துத் தரும் வேலையே அச்சிறுவரின் முதல் சம்பாத்தியம். உலகச் செய்திகள் அந்த வண்டியில் எம் பகுதியைத் தாண்டிக் கொழும்பை நோக்கி ஓடின. விழுந்ததைச் சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டனர்.

அட்டவணை சொல்லும் இரண்டு இரவும் ஒரு பகலும் எல்லார்க்கும் பொதுவான நேரம் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் வகுப்புத் துரைமார்க்கும், ஓரளவு காசு படைத்த நம் வணிகர்க்குமே அது பொருந்தும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னால் சென்ற ஏழை மக்களுக்கு இடையிலே மண்டபம் முகாம் என்று ஒன்று இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. காலரா, அம்மை, பிளேக் ஆகிய நோய்கள் தீவுக்குள் நுழையலாகாது என்று அவர்களை அங்கே ஏறத்தாழ ஒரு வாரம் அடைத்துவைத்துச் சோதித்த பின்னரே கப்பலேற்றினர். ஒரே கடல், ஒரே கப்பல்; ஒருவர்க்கு ஒரு பிற்பகல், மற்றவர்க்கு ஒரு வாரம். தூரத்தை நிர்ணயிப்பது மைல் அன்று, மடியிலுள்ள காசும் கையிலுள்ள காகிதமும் என்ற பாடத்தை முதலில் கற்றவர்கள் அம்மக்களே.

அடுத்து அது நம்மவர்க்கும் வந்தது. 1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. அதன்பின் பாஸ்போர்ட், விசா என்னும் சொற்கள் எம் கரையின் வீடுகளுக்குள் புகுந்தன. கொழும்பிலும் கண்டியிலும் கடை வைத்து, ஆண்டுக்கொரு முறை ஊர் வந்து போன சபராளிகள், தாம் எந்த நாட்டார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டியவராயினர். அதற்கு முன்புவரை எவரும் அவர்களிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

வானவழி திறந்ததும் அதே காலத்தில்தான். 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. டகோட்டா வகை விமானம்; அதற்கு இட்ட பெயர் ‘சீதாதேவி’. சேதுவைக் கடக்கும் விமானத்துக்கு அப்பெயரைத் தேர்ந்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்கவேண்டும். இன்று சென்னை விமான நிலையத்துக்கும் கொழும்புக்கு வடக்கேயுள்ள கட்டுநாயக்கவுக்கும் வானவழித் தூரம் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். பெருநகரங்கள் இரண்டும் இவ்வாறு நெருங்கி வந்தன. அவற்றின் நடுவே கிடந்த கரைகள்தாம் விலகிப் போயின.

அந்த விலகல் 1964-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரி, சிறிமாவோ பண்டாரநாயக்க இருவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிஞ்சியவரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று ஏற்பாடு. மளிகைக் கடைக் கணக்கைப்போல் மனிதர்களைப் பங்கிட்டனர். மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேரையும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர்.

ஒப்பந்தத்தின் மை காய்ந்து எட்டு வாரமாகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. தெற்கு அந்தமான் கடலில் ஐந்து நாள்களுக்கு முன் உருவாகி, இலங்கையின் வவுனியாவை உலுக்கிவிட்டு வந்த புயல். பாம்பனிலிருந்து அன்றிரவு புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதன்மேல் எழுந்தது. பதிவுக் கணக்கின்படி அதில் இருந்தவர் 110 பயணிகளும் 5 ஊழியர்களும், ஒருவரும் பிழைக்கவில்லை. சீட்டு வாங்காமல் ஏறியோரின் கணக்கு எந்தப் பதிவிலும் இல்லை. ஊர் முழுவதும் நீரில் மூழ்கியது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான உத்திரங்களைக் கடல் அடித்துச் சென்றது. நடுவிலிருந்த தூக்குப் பகுதி மட்டும் நின்றது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பாலத்தை எழுப்ப நாட்டுக்கு மனம் இருந்தது. இளம் பொறியாளராயிருந்த ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் அது சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடியை எழுப்ப எவருக்கும் மனமில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை மணலுக்குள் போயிற்று. எழும்பூரிலிருந்து இராமேஸ்வரம் வரும் ஒரு வண்டிக்கு இன்றும் போட் மெயில் என்றே பெயர். படகு எங்கே என்று அதில் வரும் இளைஞர்கள் கேட்கின்றனர்.

புயலுக்குப் பின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிற்று. ‘இராமானுஜம்’ என்னும் அக்கப்பலை எம் பிள்ளைப் பிராயத்தில் பார்த்திருக்கின்றோம். போகும்போது அதில் வணிகர்களும் உறவினர்களும் போவர். திரும்பும்போது ஒப்பந்தத்தின் கணக்கில் இந்தியாவின் பங்குக்கு விழுந்தவர்கள் வருவர். தாம் பிறந்தறியாத நாட்டைத் தாயகம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். கையில் தகரப் பெட்டியும் சுருட்டிய பாயுமாக இறங்கி மண்டபம் முகாமை நோக்கி நடந்தார்கள். அவர்களின் பாட்டனார் எந்த முகாமில் அடைபட்டுப் போனாரோ அதே முகாம். 1983-இல் இலங்கையில் கலவரம் மூண்டபின் கப்பல் நின்றது. அதன்பின் கடலைக் கடந்தவர்கள் அட்டவணையின்றி, விளக்கின்றி, இரவில் கடந்தார்கள். அவர்களும் போய்ச் சேர்ந்தது மண்டபமே. 2022-இல் அங்கே பொருளாதாரம் சீர்குலைந்தபோது, படகோட்டிகள் சில குடும்பங்களைத் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல் திட்டில் இறக்கிவிட்டுச் சென்றதையும், பச்சைக் குழந்தைகளோடு அவர்கள் நீரின் நடுவே காத்து நின்றதையும் நாளிதழ்களில் வாசகர்கள் கண்டிருப்பர். இப்னு பதூதா கழித்த இரவைப் போன்ற ஓர் இரவு.

இனி எம் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. எம் பாட்டியாரின் தங்கை மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவர். எம் தாயாருக்குச் சாச்சி. காலை உணவை முடித்துக்கொண்டு பாம்பனில் ரயிலேறினால் இரவுச் சோற்றுக்கு எருக்கலம்பிட்டியில் இருக்கலாம் என்று பாட்டியார் சொல்வார்கள். தலைப்பிரசவத்துக்கு இக்கரைக்கு வந்தார். பெண் பிள்ளைகளுக்குக் காது குத்த வந்தார். கப்பல் நின்ற ஆண்டு வருவதாயிருந்தவர் வரவில்லை. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். மன்னார்த் தீவின் மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்குச் சென்று புத்தளத்தைச் சுற்றிலும் ஓலைக் குடிசைகளில் தங்கினர். சாச்சியின் குடும்பமும் அவற்றுள் ஒன்றில் ஒதுங்கியது. சில ஆண்டுகளில் அங்கேயே அவர் மவுத்தானார். கடிதம் வந்து சேர மூன்று வாரமாயிற்று.

ஷாபிஈ மத்ஹபில் தொலைவூரில் மரித்தவருக்காகக் காயிப் ஜனாஸா தொழுவது கூடும். அன்று ஜும்ஆவுக்குப் பின் எம் ஊர்ப் பள்ளியில் அதைத் தொழவைத்தோம். காயிப் என்றால் கண்ணுக்கு மறைவானவர். எத்தனையோ பேருக்கு அந்தத் தொழுகையைத் தொழுதிருக்கின்றோம். மலாயாவில் இறந்தவர், ஜித்தாவில் இறந்தவர். தெளிந்த நாளில் தோணிக்காரர் பார்வைக்கு எட்டும் ஒரு கரையைச் சேர்ந்தவருக்காகத் தொழுதபோது தக்பீர் சொல்ல நா எழவில்லை. “மையத்து முகத்தைக்கூடப் பார்க்க முடியலையே” என்று உம்மா சொன்ன சொல்லுக்கு எம்மிடம் எந்தக் கிதாபிலிருந்தும் பதில் இல்லை.

போர் 2009-இல் முடிந்தது. எருக்கலம்பிட்டிக்குப் பலர் திரும்பினர். சாச்சியின் மகளும் திரும்பினார். போரில் அழிந்த தலைமன்னார் இருப்புப்பாதையை இந்திய அரசு நிறுவனம் ஒன்று மீண்டும் போட்டு முடிக்க, 2015 மார்ச் 14-இல் இந்தியப் பிரதமரே தலைமன்னாரில் வந்து வண்டியைத் தொடங்கி வைத்தார். அவ்வளவு தூரம் வந்த வண்டிக்குக் கடலைத் தாண்ட ஒரு கப்பல் மட்டும் வரவில்லை. 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள்; இடையில் நின்று, 2024-இல் மறுபடி தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டது. தலைமன்னார்த் துறை மட்டும் காத்துக்கிடக்கின்றது.

2016-இல் உம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். பஜ்ரு தொழுது வீட்டை விட்டிறங்கி, மேற்கே மதுரைக்குப் போனோம். அதாவது இலங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல். விமானம் பறந்த நேரம் ஏறத்தாழ ஒரு மணி. அதற்காக விமான நிலையத்தில் காத்திருந்த நேரம் மூன்று மணி. கொழும்புக் கோட்டையில் இரவு வண்டி பிடித்து, பொல்கஹவெல, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் திரும்பவும் வடக்கே வந்து, மறுநாள் பஜ்ரு நேரத்தில் மன்னாரில் இறங்கினோம். பஜ்ரு முதல் பஜ்ரு வரை. இப்னு பதூதா எழுதிவைத்த அதே ஒரு பகலும் ஓர் இரவும். 672 ஆண்டுகளில் நீராவியும் மின்சாரமும் விமானமும் வந்த பின்னரும் மஅபருக்கும் ஸரந்தீபுக்கும் இடையிலுள்ள தூரம் அவர் காலத்துக்கே திரும்பிவிட்டிருந்தது.

வழியெல்லாம் நாம் கஸ்ரு தொழுதோம். நூலின்படி அது சரியே. அத்தனை மைல் சுற்றியிருந்தோம். போகுமிடத்துக்குக் குறுகிய வழி, நெடிய வழி என இரண்டிருந்து, தக்க காரணத்தால் நெடிய வழியில் போகிறவர் சுருக்கித் தொழலாம் என்றும், சுருக்கித் தொழுவதற்கென்றே நெடிய வழியைத் தேர்ந்தவர் தொழக் கூடாது என்றும் இமாம்கள் வகுத்துள்ளனர். நாம் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை என்பதற்கு அல்லாஹ்வே சாட்சி.

ஐந்து நாள் கழித்துத் திரும்பும் அன்று, உம்மா தலைமன்னார்த் துறையைப் பார்க்கவேண்டும் என்றார்கள். பழைய இறங்குதுறையின் தூண்கள் கடலுக்குள் கருத்து நின்றன. ளுஹர் தொழுது சிறிது நேரமே ஆகியிருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம், “எதிர்ப்பக்கம் தெரிகிறதே, அது எந்த ஊரு?” என்று உம்மா கேட்டார்கள். எமக்குக் கடலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“தனுஷ்கோடிப் பக்கம், அம்மா. இயந்திரப் படகில் ஒன்றரை மணி நேரம்.”

“அப்ப அஸருக்கு வீட்டுக்குப் போயிரலாமே” என்றார்கள் உம்மா.

மீனவர் சிரித்துவிட்டு வலையைப் பார்த்தார். கொழும்பு வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.